சைக்கிள் வாங்கியாச்சு... ஆனாலும் 'கார்ட்' காலியாகவே இல்லையே ஏன்? புது சைக்கிள் பொருட்கள் தரும் சந்தோஷமும் அதன் கணக்கும்!

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் சரியாக விடியவில்லை. சிவப்பு லைட் மினுமினுக்க வரிசையாகச் சைக்கிள்கள் மாமல்லபுரம் பக்கம் போகின்றன. வழியில் டீக்கடையில் நிறுத்தினால் பேச்சு எதைப் பற்றி இருக்கும்? எத்தனை கிலோமீட்டர் ஓட்டினோம் என்பதைப் பற்றி கொஞ்சம். 'இந்த லைட் எங்க வாங்குனீங்க? எவ்ளோ ஆச்சு?' என்பதைப் பற்றி நிறைய!

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். சைக்கிள் வாங்குவது ஒரு சந்தோஷம் என்றால், அதற்கு ஹெல்மெட், கிளவுஸ், ஜெர்சி, பாட்டில், லைட், பை என்று ஒவ்வொன்றாக வாங்குவது தனி சந்தோஷம். ராத்திரி 11 மணிக்குப் படுக்கையில் படுத்தபடி செல்போனில் பெடல் விலை பார்ப்பவர்கள் ஏராளம்.

ஆனால் இதன் இன்னொரு பக்கமும் உண்டு. ஆசை ஆசையாக வாங்கிய சைக்கிள், நாலே மாதத்தில் பால்கனியில் துணி காயப்போடும் கம்பியாக மாறிவிடுவதும் நடக்கிறது. ஜெர்சிக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்தவர், சில நூறு ரூபாய் பின்பக்க லைட் இல்லாமல் இருட்டில் போவதும் நடக்கிறது.

புதுப் பொருள் வாங்கும்போது ஏன் இவ்வளவு குஷி? அது ஏன் சீக்கிரம் வடிந்துவிடுகிறது? எதை வாங்கினால் காசுக்குப் பலன்? பார்க்கலாம்.

இது புதுப் பழக்கமா?

இல்லவே இல்லை. 'ஆக்சசரீஸ்' என்ற வார்த்தை புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே தமிழ்நாட்டில் இந்த ஆசை இருந்தது.

அப்பா, தாத்தா காலத்துச் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். சக்கரத்தின் நடுவில் கலர் கலராக நூல் பூ. ஹேண்டில்பாரின் இரண்டு நுனியிலும் தொங்கும் குஞ்சம். பாருக்குச் சுற்றிய பிளாஸ்டிக் உறை. டயரில் உரசி ஓடும் டைனமோ, முன்னால் அதன் விளக்கு. செயின் கவரில் பெயின்டால் எழுதிய பெயர். ஆயுத பூஜை அன்று சந்தனம், குங்குமம், மாலை வேறு.

இதில் டைனமோ வெறும் அலங்காரம் இல்லை. வழக்கமான 6 வோல்ட், 3 வாட் டைனமோதான் ராத்திரி சினிமா விட்டு வீடு திரும்புபவருக்கு வழிகாட்டியது. குஞ்சம் எதற்கும் உதவவில்லை, ஆனால் வண்டியை 'என் வண்டி' ஆக்கியது. உபயோகம் பாதி, பெருமை பாதி. அந்தக் கலவை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. பொருளும் விலையும் மட்டும் மாறிவிட்டன.

பார்சல் வருவதற்கு முன்பே குஷி வருவது ஏன்?

இதைப் புரிந்துகொள்ள, நரம்பியல் விஞ்ஞானி வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த புகழ்பெற்ற ஆய்வு உதவும். குரங்குக்குப் பழச்சாறு கொடுக்கும்போது அதன் மூளையில் டோபமைன் செல்கள் துடிப்பதை அவர் பதிவு செய்தார். பிறகு, சாறு வருவதற்கு முன்பு ஒரு சைகை காட்டப்பட்டது. பழகிய பிறகு என்ன ஆனது தெரியுமா? செல்கள் சைகைக்கே துடித்தன. எதிர்பார்த்த சாறு வந்தபோது கூடுதல் துடிப்பு எதுவும் இல்லை. எதிர்பார்த்த சாறு வராமல் போனால், துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது.

இந்தத் துறைப் பணிக்காக ஷுல்ட்ஸ் உட்பட மூன்று பேருக்கு 2017-ல் 'பிரெய்ன் பிரைஸ்' விருது கிடைத்தது.

மனிதர்களின் ஷாப்பிங் இதைவிடச் சிக்கலானதுதான். ஆனாலும் ஒரு விஷயம் எல்லோருக்கும் பழக்கமானது. வீடியோ ரிவியூ பார்ப்பது, ரெண்டு மாடலை ஒப்பிடுவது, ஆஃபர் வருமா என்று காத்திருப்பது, 'இன்று டெலிவரி' என்ற மெசேஜ் வருவது என ருசி முழுக்க காத்திருப்பில்தான் இருக்கிறது. பெட்டியைப் பிரித்து, பொருளை மாட்டி, நாலு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் அந்த வேகம் குறையத் தொடங்கிவிடும். அப்புறம் கை தானாக அடுத்த பொருளைத் தேடும்.

புதுசு பழகிப்போவதற்கும் பெயர் உண்டு. நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் மனிதர்கள் கொஞ்ச நாளில் பழைய மனநிலைக்கே திரும்பிவிடுகிறார்கள் என்று உளவியல் ஆய்வாளர்கள் பிரிக்மனும் கேம்ப்பெல்லும் 1971-ல் எழுதினார்கள். ஓடிக்கொண்டே இருந்தாலும் அதே இடத்தில் நிற்க வைக்கும் டிரெட்மில்லுக்கு இதை ஒப்பிட்டார்கள்.

ஷூ வாங்கினால் பெடலும் வாங்க வேண்டி வருவது ஏன்?

பிரெஞ்சு எழுத்தாளர் தெனி திதரோ 1769-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவருக்கு அழகான புது அங்கி ஒன்று கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு அறையைப் பார்த்தால், பழைய நாற்காலியும் மேசையும் பொருந்தாமல் அசிங்கமாகத் தெரிந்தன. ஒவ்வொன்றாக மாற்றினார். கடைசியில் பழைய அங்கியே தேவலாம் என்று வருத்தப்பட்டார். ஒரு பொருள் அடுத்த பொருளை இழுத்துக்கொண்டு வரும் இந்தச் சங்கிலிக்கு மானுடவியலாளர் கிராண்ட் மெக்ராக்கன் 1988-ல் 'திதரோ விளைவு' என்று பெயர் வைத்தார்.

சைக்கிளில் இந்தச் சங்கிலி இன்னும் பலமானது. காரணம், இங்கே அழகு மட்டும் பொருந்தினால் போதாது, பாகமும் பொருந்த வேண்டும்.

ஒருவர் சைக்கிள் ஷூ வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஷூவின் அடியில் 'கிளீட்' என்ற துண்டை மாட்ட வேண்டும். அந்த கிளீட் குறிப்பிட்ட வகைப் பெடலில் மட்டும்தான் பூட்டிக்கொள்ளும். ஷூவில் இரண்டு போல்ட் துளையா, மூன்று போல்ட் துளையா என்பதைப் பார்க்காமல் வாங்கினால் ஷூ ஒரு பக்கம், பெடல் ஒரு பக்கம்தான்.

இந்தப் பெடலுக்குப் பெயர் 'கிளிப்லெஸ்'. காலை 'கிளிக்' என்று பூட்டுகிற பெடலுக்கு ஏன் கிளிப் இல்லாதது என்று பெயர்? அதற்கு முன்பு கால் விரலைக் கூண்டு போன்ற ஒரு கிளிப்பும் வாரும்தான் பிடித்துக்கொண்டிருந்தன. அது தேவைப்படாததால் இந்தப் பெயர். பனிச்சறுக்கு பைண்டிங் செய்துவந்த பிரெஞ்சு நிறுவனமான லுக் 1984-ல் இதைக் கொண்டுவந்தது. 1985 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை பெர்னார் இனோ இந்தப் பெடலில்தான் ஜெயித்தார்.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிக்னலில் நிற்கும்போது குதிகாலை வெளிப்பக்கம் திருப்பிக் காலை விடுவிக்க வேண்டும். மறந்தால், நின்ற இடத்திலேயே சாய்ந்து விழ வேண்டியதுதான். முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டிலேயே பழகுவது நல்லது.

இந்தச் சங்கிலிக்கு முடிவே இல்லை என்பதைச் சைக்கிள் உலகமே கிண்டல் செய்வதுண்டு. 'ஒருவரிடம் இருக்க வேண்டிய சைக்கிள்களின் எண்ணிக்கை எத்தனை? இப்போது இருப்பதோடு இன்னும் ஒன்று' என்பது சைக்கிள்காரர்கள் மத்தியில் பிரபலமான ஜோக்.

புதுப் பொருள் வாங்கினால் நிஜமாகவே ஓட்டுவோமா?

'ஷூ வாங்கிட்டா டெய்லி ஓட்டுவேன்' என்பது எல்லோரும் தங்களுக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானம். இதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

வாரத்தின் முதல் நாள், மாதத்தின் முதல் நாள், புத்தாண்டு போன்ற 'புதுத் தொடக்க' நாட்களை ஒட்டி, உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவது கூடுகிறது என்று அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் காட்டினார்கள். அந்த ஆய்வு நாட்களைப் பற்றியது, பொருட்களைப் பற்றியது அல்ல. ஆனால் புது ஜெர்சி போடும் நாளும் பலருக்கு அப்படி ஒரு தொடக்க நாளாகத்தான் தோன்றுகிறது.

உடை நம் மனதை மாற்றுமா என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. டாக்டர் கோட் என்று சொல்லிக் கொடுத்த வெள்ளைக் கோட்டைப் போட்டவர்கள் கூடுதல் கவனத்தோடு செயல்பட்டார்கள் என்று 2012-ல் வெளியான ஆய்வு சொன்னது. ஆனால் பிறகு அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. ஆக, உடை மட்டும் நம்மை மாற்றிவிடும் என்று நம்பி பர்ஸைத் திறக்க முடியாது.

சுருக்கமாகச் சொன்னால், புதுப் பொருள் உங்களை முதல் ஒன்றிரண்டு வாரம் வாசலுக்கு வெளியே தள்ளும். அதன் பிறகு உங்களைத் தள்ள வேண்டியது வழக்கம்தான். அந்த முதல் வாரங்களில் வழக்கம் பிடித்துவிட்டால் காசு வீண் இல்லை. பிடிக்காவிட்டால்? பால்கனி.

எந்தப் பொருளின் சந்தோஷம் நிலைக்கும்?

இங்கேதான் சுவாரஸ்யமான விஷயம். நீண்ட நாள் சந்தோஷம் தரும் பொருட்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை. மாட்டிக்கொண்ட பிறகு நீங்கள் மறந்தே போகும் பொருட்கள்.

* பேடட் ஷார்ட்ஸ்: 40 கிலோமீட்டர் தாண்டியதும் உட்கார முடியாமல் நெளிபவர்களுக்கு வரம். இதைப் போடும்போது உள்ளாடை போடக் கூடாது. தையல் உரசினால் புண்ணாகும். ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் துவைத்தே ஆக வேண்டும்.
* ஜெர்சி: பருத்தி பனியன் வியர்வையைக் குடித்துக் கனமாகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஜெர்சித் துணி சீக்கிரம் காயும். பாக்கெட்டுகள் முதுகுப் பக்கம் இருப்பது ஸ்டைலுக்காக அல்ல. குனிந்து ஓட்டும்போது முன்பக்கப் பாக்கெட்டில் இருப்பது கீழே விழுந்துவிடும் அல்லவா, அதற்காக.
* பாட்டிலும் அதை மாட்டும் கூண்டும்: நம் ஊர் வெயிலுக்கு வண்டியை நிறுத்தாமல் தண்ணீர் குடிக்க முடிவது பெரிய விஷயம்.
* கண்ணாடி: வெயிலைவிட, பறக்கும் தூசிக்கும் பூச்சிக்கும்தான் இது அதிகம் தேவை.
* பிரஷர் காட்டும் ஃப்ளோர் பம்ப்: டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று என்று அச்சிட்டிருப்பார்கள். காற்று குறைந்த டயரில் மிதிப்பது மணலில் மிதிப்பது போல. விலை உயர்ந்த சக்கரம் வாங்கும் முன் காற்றைச் சரிபாருங்கள்.

இன்னொன்று, காசே இல்லாதது: சீட் உயரம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். நிறைய பேர் சீட்டை ரொம்பத் தாழ்வாக வைத்து ஓட்டி, முழங்கால் வலி என்று சைக்கிளையே விட்டுவிடுகிறார்கள். ஒரு ஆலன் கீ போதும்.

எடையைக் குறைக்கக் காசு செலவழிக்கலாமா?

சைக்கிள் பொருட்களில் கிராம் குறையக் குறைய விலை ஏறும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓட்டுபவர் 70 கிலோ, சைக்கிள் 10 கிலோ. மொத்தம் 80 கிலோ. பல ஆயிரம் ரூபாய் செலவழித்து 200 கிராம் குறைக்கிறீர்கள். அது மொத்த எடையில் 0.25 சதவீதம். ஒரு மணி நேரம் ஏறும் மலைப்பாதையில் மிச்சமாகும் நேரம் ஏறக்குறைய 9 விநாடிதான்!

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையின் 70 வளைவு என்று மலை ஏறுபவர்களுக்கே இந்தக் கணக்கு. ஈசிஆர் போன்ற சமதளத்தில் எடைக்கு இந்த அளவு மதிப்புகூட இல்லை. அங்கே வேகம் கூடக் கூட முக்கிய எதிரி காற்றுதான், அதில் பெரும்பங்கு ஓட்டுபவரின் உடம்பு தடுக்கும் காற்று. கொஞ்சம் குனிந்து ஓட்டினாலே வித்தியாசம் தெரியும். 200 கிராம்தான் பிரச்சினை என்றால், மலை அடிவாரத்தில் கால் லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டால் பாட்டிலில் 250 கிராம் குறைந்துவிடும் (என்ன, அது வயிற்றுக்குப் போய்விடும்!).

பந்தயம் ஓட்டுபவருக்கு 9 விநாடி பெரிது. மற்றவர்களுக்கு அது ஆசை. ஆசைக்குச் செலவு செய்வது தப்பில்லை. அது ஆசை என்று தெரிந்து செய்தால் போதும்.

அப்போ முதலில் எதை வாங்கணும்?

போட்டோவில் அழகாகத் தெரியாத பொருட்களைத்தான்.

1. பின்பக்க சிவப்பு லைட், முன்பக்க வெள்ளை லைட். அதிகாலை ஓட்டுபவர்களுக்கு இது முதல் செலவு. முன் லைட் நீங்கள் பார்ப்பதற்கு. பின் லைட் மற்றவர்கள் உங்களைப் பார்ப்பதற்கு. பின்னால் வரும் லாரி டிரைவருக்கு உங்கள் ஜெர்சியின் பிராண்ட் தெரியாது, சிவப்பு வெளிச்சம் தெரியும். சார்ஜ் இருக்கிறதா என்று முந்தின நாள் ராத்திரியே பார்த்துவிடுங்கள்.

2. ஹெல்மெட். தொழில்முறைப் பந்தய வீரர்களே நீண்ட காலம் இதைத் தவிர்த்தார்கள். 2003-ல் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்த கஜகஸ்தான் வீரர் ஆந்த்ரே கிவிலேவ் இறந்த பிறகுதான், சர்வதேச சைக்கிள் சம்மேளனம் அதைக் கட்டாயமாக்கியது. வாங்கும்போது ஐரோப்பாவின் 'இஎன் 1078' அல்லது அமெரிக்காவின் 'சிபிஎஸ்சி' தரக்குறியீடு உள்ளே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நெற்றி தெரிய ஏற்றிப் போடாமல், புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும். உள்ளே இருக்கும் ஃபோம் ஒரு முறை அடியைத் தாங்கி நசுங்கத்தான் செய்யப்பட்டது. அதனால் பலமாக விழுந்துவிட்டால், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும்.

3. பஞ்சர் கிட். ஒரு ஸ்பேர் டியூப், இரண்டு டயர் லீவர், ஒரு சின்ன பம்ப், ஆலன் கீ செட். ஊருக்கு வெளியே ஞாயிறு காலை 6 மணிக்குப் பஞ்சர் கடை திறந்திருக்கும் என்று நம்ப முடியாது.

4. பூட்டு. மெல்லிய கேபிள் பூட்டை வெட்டுவது சுலபம். சக்கரத்தை மட்டும் பூட்டாமல், ஃபிரேமையும் சேர்த்து அசையாத கம்பியோடு பூட்டுங்கள்.

நீண்ட தூரம் ஓட்டுபவர்களின் உலகம் இதற்கு நல்ல உதாரணம். 'பிஆர்எம்' எனப்படும் நெடுந்தூரப் பயணங்களில் 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்துக்குள், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அங்கே ஜெர்சி என்ன பிராண்ட் என்று யாரும் பார்ப்பதில்லை. ராத்திரி ஓட்ட முன்னும் பின்னும் லைட்டும், வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும் மேலங்கியும் கட்டாயம்.

கடையில் கவனிக்க வேண்டியது என்ன?

* வால்வு எந்த வகை? நம் பழைய சைக்கிள்களில் ரப்பர் வால்வு டியூப் போட்ட வகை. பைக்கில் இருப்பது போன்ற தடித்த வகைக்கு 'ஷ்ரேடர்' என்று பெயர். ரோடு சைக்கிள்களில் இருக்கும் ஒல்லியான வகை 'பிரெஸ்டா'. பிரெஸ்டாவுக்குப் பெட்ரோல் பங்க் காற்று நேரடியாக ஏறாது. ஒரு சின்ன பித்தளை அடாப்டர் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.
* டியூப் அளவு: டயரில் எழுதியிருக்கும் எண்ணை போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.
* போட்டுப் பார்த்து வாங்க வேண்டியவை: ஹெல்மெட், ஷூ, ஷார்ட்ஸ். இவற்றை ஆன்லைனில் வாங்குவதைவிட நேரில் வாங்குவது நல்லது.
* பில்லைப் பாருங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது.

'பை நவ்' அழுத்தும் முன் 4 கேள்விகள்

1. போன முறை ஓட்டும்போது இது இல்லாமல் கஷ்டப்பட்டேனா? அல்லது ரிவியூ வீடியோ பார்த்த பிறகுதான் இது தேவை என்று தோன்றியதா?
2. இது வேறு எதையாவது வாங்க வைக்குமா? அதையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு?
3. 10 நாள் கார்ட்டிலேயே கிடந்தால் ஆசை குறைகிறதா? குறைந்தால், அந்த 10 நாள் காத்திருப்பு சந்தோஷம் இலவசமாகக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்!
4. கிலோமீட்டருக்கு எவ்வளவு? 2,000 ரூபாய் ஷார்ட்ஸைப் போட்டு வாரம் 25 கிலோமீட்டர் வீதம் 50 வாரம் ஓட்டினால் 1,250 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 60 காசு. 12,000 ரூபாய் ஜிபிஎஸ் கருவியை மாட்டி 100 கிலோமீட்டரோடு நிறுத்திவிட்டால், கிலோமீட்டருக்கு 120 ரூபாய். ஆட்டோவே தேவலாம்!

காசில்லாமல் 'புது சைக்கிள்' கிடைக்குமா?

கிடைக்கும். ஊர்ப்பக்கம் 'ஓவராயில்' என்பார்களே, அதுதான். பழைய சைக்கிளைக் கழற்றிச் சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து, திரும்பப் பூட்டினால் வண்டி பறக்கும்.

அவ்வளவு வேண்டாம் என்றால், செயினைத் துடைத்துச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, மேலே இருக்கும் மிச்ச எண்ணெயைத் துணியால் துடைத்தாலே சத்தம் அடங்கிவிடும். செயின் தேய்ந்துவிட்டதா என்று காட்டும் அளவுகோல் ஒன்று உண்டு. தேய்ந்த செயினை நேரத்துக்கு மாற்றினால், அதைவிட விலை அதிகமான பல்சக்கரங்கள் தேயாமல் தப்பும். ஹேண்டில்பார் டேப்பை மட்டும் புதுக் கலரில் சுற்றிப் பாருங்கள். ஷோரூமில் இருந்து இறக்கியது போல இருக்கும்.

கடைசியாக...

புதுப் பொருள் வாங்குவதில் வரும் சந்தோஷம் போலி இல்லை. நூல் பூ சுற்றிய காலத்திலிருந்து அது நம்மோடு இருக்கிறது. ஆனால் அது முன்பணம் மாதிரி. மீதியை ரோட்டில் ஓட்டித்தான் வசூலிக்க முடியும்.

அதனால் பட்டியலைக் கடையில் போடாதீர்கள், ஓட்டும்போது போடுங்கள். உட்கார்ந்த இடம் வலித்தால் ஷார்ட்ஸ். நாக்கு வறண்டால் பாட்டில். இருட்டில் பின்னால் வந்த வண்டி கடைசி நேரத்தில் பிரேக் போட்டதா? வேறு எதையும் யோசிக்க வேண்டாம், அன்றைக்கே ஒரு சிவப்பு லைட் வாங்கிவிடுங்கள்.